கொசுறோடு ஐந்து

கொத்தளம்பேட்டையில் செத்தவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடைக்காது, இதை அந்த ஊரில் யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. ஆரணிச் சாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பினால் வருகிற அந்த ஊரிலிருந்து வெள்ளைக்காரன் காலந்தொட்டு வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போனார்கள், போனவர்களில் பெரும்பாலோர் திரும்பியும் வந்தார்கள், வந்தவர்கள் கால் போயோ கண் போயோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்க ஆளில்லாத கதைகளைச் சொல்லிச் சொல்லியே கிழவர்களாகிச் செத்தார்கள். வராமல் போனவர்களோ திரௌபதையம்மன் கோயிலுக்கு எதிரே நட்ட கருங்கல்லில் பதினோரு பெயர்களாக ஏறி நின்று வருஷத்துக்கொரு முறை பாலாபிஷேகம் வாங்கிக்கொண்டார்கள். கல்லில் முதல் பெயர் தேசிங்கு. முதல் பெயருக்குரிய வீட்டுக்குத்தான் தீமிதித் திருவிழாவில் முதல் பரிவட்டம், அதாவது அம்மன் மேலிருந்து எடுத்த பட்டுத்துணியைப் பூசாரி முதலில் கட்டுகிற தலை தேசிங்கின் பேரன் தனகோட்டியின் தலை.

தனகோட்டி தாலுகா ஆபீசில் தபால் அனுப்பும் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் சண்டை என்று அவர் போட்டதெல்லாம் ஸ்டாம்ப் பேடுக்கு மை கேட்டுப் போட்டதுதான். ஆனாலும் பரிவட்டம் கட்டிக்கொண்டு கல்லின் முன் நிற்கும்போது நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னே வந்துவிடும். அவர் பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்பு, ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த வருஷத்தில், தேசிங்கைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. இருக்கலாம் என்ற வார்த்தையைப் படித்துச் சொன்னவர் விழுங்கிவிட்டாரோ, கேட்டவர்கள் விழுங்கினார்களோ, பதினாறாம் நாள் கருமாதி முடிந்து தேசிங்கின் மனைவி அம்புஜத்தின் தாலி இறங்கிவிட்டது. சண்டை ஓய்ந்ததும் கலெக்டர் துரையே வந்து கல்லைத் திறந்து வைத்தார்.

இப்படி அவசரப்பட்டுக் கருமாதி செய்வது அந்த ஊருக்குப் பழக்கம், அதனால் அதற்குப் பரிகாரமும் வைத்திருந்தார்கள். கருமாதி முடிந்த ஆள் திரும்பி வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது, வீட்டின் பின்சுவரை உடைத்து அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, குளிப்பாட்டி, தூளியில் போட்டு, காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். புதிதாகப் பிறந்த ஆள் என்று கணக்கு. நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த மண்ணாங்கட்டியை ஐம்பது வயதில் அப்படித் தூளியில் போட்டு ஆட்டினார்கள், அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஊர் அவரைப் பாப்பா என்றே கூப்பிட்டது.

தனகோட்டி ஓய்வு பெற்ற மறுவருஷம் முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் சுபேதார் ஏகாம்பரம், கல்லுக்குப் பக்கத்தில் தேசிங்குக்கு ஒரு மார்பளவுச் சிலை வைப்பது என்று தீர்மானம் போட்டார். போட்டோ இல்லாததால் மீசையை மட்டும் பெரிதாக வைத்துவிடும்படி சிற்பியிடம் சொல்லியாயிற்று. எந்த நாளில், எந்த இடத்தில் வீரமரணம் என்று பீடத்தில் எழுதத்தான் விவரம் இல்லை. "நீ தபால் ஆபீசர், எழுதிப் போட்டு வாங்கேன்" என்றார் சுபேதார். ஆபீசர் என்ற சொல் தனகோட்டிக்குள் நேராக இறங்கி வேலை செய்தது. சீமையில் இருக்கிற ஏதோ ஆவணக் காப்பகத்துக்கு, தாத்தாவின் பெயர், பட்டாளத்து எண், ஊர், மூன்று நகல்கள், மேலே ஒரு முகவுரைக் கடிதம் என்று முறையாகக் கட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எழுபத்தாறோ எழுபத்தேழோ வருஷத்துக்கு முன் கருமாதிப் பிண்டம் வைத்த அதே இடத்தில், ஒரு முள்கம்பி முளைத்திருந்தது. மெல்லிசாக, இளம் பச்சை நிறத்தில், முள் மட்டும் கறுப்பாக இருந்தது. தனகோட்டியின் மனைவி சம்பூர்ணம் அதைக் குனிந்து பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மத்தியானத்துக்குள் அது இடுப்பளவு வளர்ந்து சுவரோரமாகப் படர ஆரம்பித்துவிட்டதால் ஈரப்புடவையை அதன் மேல் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள். கொடி கட்டித் தரச் சொல்லி அவள் கணவனிடம் கேட்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஊர் வந்து பார்த்தது. இரும்பு முளைக்குமா என்று யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் முளைத்தது என்றுதான் கேட்டார்கள். நாலு பெண்கள் ஆளுக்கொரு துண்டு ஒடித்துப்போய்த் தங்கள் கொல்லையில் நட்டுத் தண்ணீர் ஊற்றி, துளிர்க்காததால், அதற்கெல்லாம் ராசி வேண்டும் என்று சொல்லி முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். வி.ஏ.ஓ. வந்து டேப் பிடித்து அளந்து, வேலி புறம்போக்கில் ஒன்றரை அடி ஏறியிருப்பதாகவும், தானாக வளர்ந்த ஆக்கிரமிப்புக்குத் தனிப் படிவம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கட்சிக்காரர்கள் கொடி கட்டினார்கள், மறு கட்சிக்காரர்கள் அதற்கு அரையடி மேலே கட்டினார்கள். சம்பூர்ணம் அவரை விதை போட்டாள். முள் அவரைக்கொடியைக் குத்தவில்லை, ஆட்டைக் குத்தவில்லை, ஊர்க்காரர் யாரையும் குத்தவில்லை, அந்த வீட்டு ஆட்களை மட்டும் குத்தியது.

முதல் பதில் இரண்டு மாதத்தில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் நபர் இறந்தோர் பட்டியலில் இல்லை, கைதிகள் பிரிவில் தேடிப் பார்க்கிறோம். தனகோட்டி அதை மூன்று முறை படித்து, மடித்து, பீரோவுக்குப் பின்னால் சொருகினார். மறுநாள் வேலி வீட்டின் இரண்டு பக்கத்தையும் சுற்றி வாசலை எட்டிப் பார்த்தது. இரண்டாம் பதிலில் ஓர் அட்டையின் நகல் வந்தது: தேசிங்கு, பிடிபட்ட நாள், கைதி எண், அடையாளம் இடது காதில் கீழ்ப்பாதி இல்லை. பீடத்தில் வீரமரணம் என்று பொறிப்பதற்குப் பதிலாகக் கையைத் தூக்கினார் என்று பொறிக்க முடியுமா என்று தனகோட்டி யோசித்துப் பார்த்தார். அதையும் சொருகினார். இரவு விடிவதற்குள் வேலி வீட்டை முழுதாகச் சுற்றி முடித்து, வாசலுக்கு நேராகக் கம்பியாலேயே பின்னிய ஒரு படல் கதவையும் வைத்துக்கொண்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

வீட்டில் நாலு பேர். தனகோட்டி, சம்பூர்ணம், மகன், மருமகள். நாலு பேரும் படலுக்கு உள்ளே நின்றுகொண்டு, யாராவது திறந்துவிடுங்கள் என்று தெருவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு அஞ்சலாட்சி இட்லி விற்று முடித்த கையோடு வந்தாள். அவளுடைய தாத்தாவும் அதே சண்டைக்குப் போனவர், ஒற்றைக் காலோடு உயிரோடு வந்து தொலைத்ததால் எந்தக் கல்லிலும் ஏறாதவர்.

"இன்னாணா, உள்ள போட்டு பூட்டிகினீங்களா?" என்றபடி தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. பிறகு இட்லிக்காரியின் கைப்பழக்கத்தில் விரலை நீட்டி உள்ளே நின்றவர்களை எண்ணினாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," அப்புறம் வாய்ப்பழக்கத்தில், "கொசுறோட அஞ்சு" என்றாள். தாழ்ப்பாள் தானாக விலகியது.

அன்றிலிருந்து அதுவே நடைமுறையாகிவிட்டது. காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் படல் மூடிக்கொள்ளும். நாலு பேரும் வரிசையாக நிற்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் எண்ண வேண்டும், ஐந்து என்று முடிக்க வேண்டும். மகன் பஸ்ஸைத் தவறவிட்டான். மருமகள் தலை பின்னிக்கொண்டே வந்து நின்றாள். சம்பூர்ணம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து நின்று, பால் பொங்கி வழிகிற வாசனையை முகர்ந்தபடி, "உங்க தாத்தாவுக்குச் சிலை வெக்கச் சொல்லி நானா அழுதேன்?" என்று தினமும் ஒருமுறை கேட்டாள். கம்பியை வெட்டிப் பார்த்தார்கள், வெட்டிய இடத்தில் இரண்டாக முளைத்தது. கொத்தளம்பேட்டையில் வீட்டு விலாசம் கேட்பவர்களுக்கு, ஆறு மணிக்கு எண்ணுவாங்களே, அதுக்கு அடுத்த வீடு என்று வழி சொல்கிற அளவுக்கு ஊருக்கு அது பழகிப்போயிற்று. அந்த ஐந்தாவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இருந்திருக்கலாம்.

மூன்றாம் பதில் திருவிழாவுக்கு முதல் நாள் வந்தது. இரண்டு தாள்கள். ஒன்று, அதே முகாமில் இருந்த ஒரு வெள்ளை அதிகாரி எழுதி வைத்த குறிப்பு. கைதிகளைக் காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள் என்றும், தேசிங்கு என்றொரு மதராஸ் சிப்பாய், ஜப்பான்காரன் எண்ணி முடித்துப் போனபிறகும் வரிசையை விட்டு நகராமல் தனியாக ஓர் எண்ணிக்கை எண்ணுவான் என்றும், கேட்டதற்கு, என் வீட்டு ஆட்களை எண்ணிக்கொள்கிறேன், அப்பா, அம்மா, அம்புஜம், குழந்தை, நான், ஆக ஐந்து, ஆள் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றான் என்றும், மூன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அதைத் தவறவிட்டதில்லை என்றும் அதில் இருந்தது.

இரண்டாவது தாள், விடுதலையாகிக் கப்பலில் வந்து இறங்கிய சிப்பாய் ஒருவர் தன் விலாசம் மாறியதைத் தெரிவிக்கும் படிவம். பழைய விலாசம், கொத்தளம்பேட்டை. புதிய விலாசம், முப்பத்தோராம் எண் ரயில்வே கேட், காவல்காரர் குடில், ஆரணிச் சாலை. மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் யாரோ ஒரு குமாஸ்தா அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: வீட்டில் எனக்குக் கருமாதி முடிந்துவிட்டது.

தனகோட்டி பீரோவுக்குப் பின்னால் சொருகப் போனார். கை போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தொன்றாம் கேட்டுக்காரரை அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். சித்திரை வெயிலிலும் காதை மறைத்து மஃப்ளர் சுற்றியிருக்கிற மனிதர். கேட் மூடியிருக்கும்போது பஸ் வந்து நின்றால் பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, உதட்டை அசைத்து எதையோ எண்ணிவிட்டுப் போவார், கிறுக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். தனகோட்டியின் பாட்டி அம்புஜம் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்துத் தலைசீவிக்கொண்டு, ஊர்க் கடையிலேயே மூட்டை மூட்டையாக இருந்த உப்பை வாங்க ஆரணிக்குப் போவாள். கேட்டண்டை முனீஸ்வரனுக்கு வேண்டுதல் என்று சோற்றுத் தூக்கு ஒன்றும் கொண்டுபோவாள். தனகோட்டி சின்ன வயதில் கூடப் போய் அந்தத் தூக்கைச் சுமந்திருக்கிறார், போகும்போது கனக்கும், வரும்போது காலியாக இருக்கும், முனீஸ்வரன் நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்ததும் நினைவுக்கு வந்தது. அம்புஜம் செத்தபோது பாடை சுடுகாட்டுக்குப் போகிற நேரம், விழுப்புரம் வண்டி வருகிற நேரம். கேட்டுக்காரர் ரயிலைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டு, பாடைக்குக் கேட்டைத் திறந்து, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் சல்யூட் அடித்தபடி நின்றார். அதற்காக அவருக்கு மேலேயிருந்து மெமோ வந்ததாகவும், அடுத்த மழைக்காலத்துக்குள் அவரும் போய்ச்சேர்ந்ததாகவும் ஊரில் பேச்சு. முப்பது வருஷம் போகிற வருகிற எல்லாருக்கும் கேட்டைத் திறந்துவிட்ட அந்த மனிதரின் பிணத்தைத் தூக்கிப்போட்டது யார் என்று தனகோட்டிக்குத் தெரியவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேளம், பம்பை, பூசாரி, தட்டில் பரிவட்டம், மஞ்சள் துணி மூடிய சிலையைச் சுமந்த டிராக்டர், முன்னால் மெடல்களைக் குத்திக்கொண்ட சுபேதார் என்று ஊரே வாசலுக்கு வந்து நின்றது. உள்ளே நாலு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"எண்ணு அஞ்சலாட்சி, நேரமாவுது" என்றார் சுபேதார்.

"எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அவள் விரலை மடக்கிக்கொண்டாள். "அஞ்சாவது யாருணா? நானும் இத்தினி மாசமா கொசுறு கொசுறுன்னு சொல்லிகினு கீறேன். ஒரு ஆளைப் போயி கொசுறுன்னு சொல்றது எனக்கே நல்லா இல்ல. நீயே சொல்லு, எண்றேன்."

பம்பை நின்றது. தனகோட்டி சிலையைப் பார்த்தார், பரிவட்டத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு பொய்யைச் சொன்னால் போதும், படல் திறக்குமோ திறக்காதோ, பரிவட்டத்தைக் கம்பிக்கு மேலாகவாவது கட்டிவிடுவார்கள்.

"எங்க தாத்தா" என்றார். "அவரு சண்டையில சாவல. சிறையில கெடந்துட்டு உசுரோட வந்தாரு. இந்த வாசல்லதான் வந்து நின்னிருக்காரு. நாங்க தெறக்கல. முப்பத்தொண்ணாம் கேட்டுல மஃப்ளர் கட்டிகினு இருந்தாரே, அவருதான்."

டிராக்டர்காரன் இஞ்சினை நிறுத்தினான்.

"எங்க தாத்தா இத சொல்லிகினேதான் செத்துது" என்றாள் அஞ்சலாட்சி. "ரெண்டு பேரும் ஒரே வண்டில வந்து எறங்கனாங்களாம். உள்ளேர்ந்து உங்க கொள்ளுத்தாத்தா, கல்லுல பேரு ஏறிப்போச்சுப்பா, தொரை வந்து தெறந்த கல்லு, இனிமே சொவரை ஒடைச்சா ஊரு மரியாதை இன்னாவறது, போயிடுன்னாராம். ஊரும் கூட நின்னு ஆமாம்னுச்சாம். ஒத்தக் கால்காரன் பேச்சு யாருக்கு ஓணும்."

சுபேதார் ஏகாம்பரம் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அதுக்கோசரம் இப்ப இன்னா? அப்பறமா செத்தாரில்ல? செத்தவரு செத்தவருதான, தேதிதான் முன்ன பின்ன. கல்லுல தேதியே போடல." ஊர் மூச்சு விட்டது. அதானே என்றார்கள். சிலைக்குக் கூலி கொடுத்தாச்சே என்றார்கள். மஃப்ளர் வேண்டுமானால் சிமெண்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனைகூடச் சொன்னார். எழுபது வருஷத்து உண்மை ஒன்று கொத்தளம்பேட்டைக்குள் வந்து, உட்கார இடம் கேட்டு, ஒரு நிமிஷத்தில் பெஞ்சில் ஓரமாக உட்கார்த்தி வைக்கப்பட்டது.

"அஞ்சு" என்றாள் அஞ்சலாட்சி. படல் திறந்தது.

பூசாரி பரிவட்டத்தோடு வந்தார். தனகோட்டி தலையைக் குனியவில்லை. துணியைக் கையில் வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், பின்பக்கம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். பணி ஓய்வுக்கு வந்த பணத்தில் டைல்ஸ் ஒட்டிய சமையலறைச் சுவர் அது. சம்பூர்ணம் கையைப் பிடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ உள்ளே ஓடி, மசாலா டப்பாக்களையும் மிக்ஸியையும் நகர்த்தி வைத்துவிட்டு, "மேல ஒடைக்காதீங்க, ஷெல்ஃபு இருக்குது, கீழ ஒடைங்க" என்றாள். வாழ்நாளில் தபால் பையைவிடக் கனமான எதையும் தூக்காத மனிதர் பதினோரு குத்தில் மூச்சு வாங்கி நின்றபோது மகன் வாங்கிக்கொண்டான். ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

மருமகள் பெட்டிக்கு அடியிலிருந்து அம்புஜத்தின் வெள்ளைப் புடவையை எடுத்துவந்தாள். உத்திரத்தில் தூளி கட்டினார்கள். தனகோட்டி முதல் பரிவட்டத்தைத் தூளிக்குள் விரித்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் முள்கம்பியையும் அவரைக்கொடியையும் தவிர ஒன்றும் இல்லை. அவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். "வாங்க" என்றார். பிறகு தூளிக்குள் குனிந்து, தேசிங்கு, தேசிங்கு, தேசிங்கு என்று மூன்று முறை சொன்னார்.

தூளி தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. உத்திரம் முனகியது. "எடை ஜாஸ்திதான்" என்றாள் எட்டிப் பார்த்த ஒருத்தி. "ஆம்பளப் புள்ளதான, அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. சர்க்கரை கொடுத்தார்கள். ஊர் வாயில் போட்டுக்கொண்டு, சிலை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போயிற்று. அன்று பகல் முழுவதும் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது, மீசையோடு சிலை திறக்கப்பட்டது, பீடத்தில் வீரமரணம் என்று பெயிண்டால் எழுதப்பட்டது. தனகோட்டி போகவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல் படல் மூடிக்கொண்டது. சம்பூர்ணத்துக்கு எரிச்சல் வந்தது, இவ்வளவு செய்தும் மூடுகிறதே என்றாள். நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். அஞ்சலாட்சி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

ஐந்து என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். நாலு பேருக்கும் பின்னால், சமையலறைப் பக்கமிருந்து, வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்று பழகிய ஒரு குரல், நிதானமாக, பட்டாளத்து முறையில், "அஞ்சு" என்றது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நிற்கும்போது திரும்பக் கூடாது என்பது அதற்குள் அவர்களுக்கும் பழகியிருந்தது. இத்தனை மாதமும் வெளிப்பக்கமாகவே திறந்த படல் அன்று உட்பக்கமாகத் திறந்தது, வருகிற ஆளுக்குத் திறப்பதுபோல. அதற்கப்புறம் அது மூடவே இல்லை. சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு ஆழாக்கு அரிசி களைந்து போட உள்ளே போனாள்.